இல்லங்களின் அமைதியும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜமாஅத்துகளின் ஆண்டறிக்கையில் தவறாமல் இடம்பெறும் ஒரு வரி உண்டு. இத்தனை குடும்பப் பிணக்குகள் விசாரணைக்கு வந்தன, அவற்றுள் இத்தனை சமரசமாகத் தீர்த்து வைக்கப்பட்டன என்பதே அவ்வரி. ஹவ்ளு பழுதுபார்த்த செலவுக்கும் மையவாடிச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்த செலவுக்கும் இடையே அது அச்சாகியிருக்கும். 'தீர்த்து வைக்கப்பட்டன' என்னும் அச்சொல்லைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அவ்வாறு தீர்த்து வைக்கப்பட்ட இல்லங்களில் ஆறு மாதம் கழித்து என்ன நடந்தது என்று பதிவு செய்ய நம் ஏட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கும், அதற்கு ஆளானோரை மீட்பதற்கும் உழைக்கின்ற அமைப்புகளுக்கு ஒரு ஜமாஅத் எவ்வாறு துணை நிற்கலாம் என்பது நிர்வாகக் குழு எனக்கு அளித்த தலைப்பு. நான் வழக்கறிஞன், ஆலிம் அல்லன். மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. சட்டம் சொல்வதையும், அவ்வமைப்புகள் இயங்கும் முறையையும், நம் கையில் ஏற்கெனவே இருப்பவற்றையும் எடுத்துரைப்பதோடு அமைவேன்.

முதலில் சில எண்கள். 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். அகில இந்திய அளவு 29.3 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்பதாகப் பெருமை கொள்ளும் மாநிலம் இதிலும் நாட்டின் சராசரியை விஞ்சி நிற்கிறது. அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான இந்தியப் பெண்களில் எவரிடமேனும் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. உதவியும் நாடாமல், பெற்ற தாயிடமும் உடன்பிறந்தவளிடமும்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் 77 விழுக்காட்டினர். ஆகவே, பள்ளிவாசல் அலுவலகத்தின் படியேறி ஒரு பெண் வருகிறாள் என்றால், அவள் வாய் திறக்காத பலருள் வாய் திறந்த ஒருத்தி. அந்த ஒருத்தியையும் நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதை மற்றவர்கள் வீட்டுக்குள்ளிருந்து கவனித்துக் கொண்டிருக்கிறார்கள்.

அடியும் உதையும் மட்டுமே வன்முறை என்று நம்மில் பலர் கருதுகின்றனர். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடலுக்கு இழைக்கப்படும் தீங்கு, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தளவிலும் இழைக்கப்படும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை ஆகிய அனைத்தையும் அதன் 3-ஆம் பிரிவு வன்முறை என்றே வகைப்படுத்துகிறது. இந்தக் கடைசி வகை நமக்கு மிக நெருக்கமானது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. 'உன் உம்மா வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது' என்று தொலைபேசியில் உத்தரவு மட்டும் வருகிறது. அவளுடைய நகை மாமியாரின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. குழந்தைக்கு மருந்து வாங்கக் கொழுந்தனிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. அவள் மேனியில் ஒரு காயமும் இல்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது வன்முறைதான்.

இது மேனாட்டார் புகுத்திய புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமே, கணவன் வழக்கமாக அடிப்பதையும், உடலைத் தீண்டாமலேயே தன் நடத்தையால் அவள் வாழ்வைத் துன்பமாக்குவதையும் மணமுறிவுக்குரிய கொடுமையாக ஏற்றுக்கொண்டது. அச்சட்டம் உருவாக வித்திட்டவர்களுள் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி முதலிய உலமாக்களும் இருந்தனர் என்பதை இளைஞர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனி, நம் கையில் உள்ள கருவிக்கு வருகிறேன். பிணக்கு மூண்டால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என இரு நடுவர்களை அமர்த்தும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. நம் ஜமாஅத்துகளின் சமரச முறைக்கு அதுவே வேர். தனிக்குடித்தனம் போவதா வேண்டாமா, அடகு வைத்த நகையை யார் மீட்பது, பெருநாளைக்கு எந்த வீட்டில் இருப்பது என்பன போன்ற சச்சரவுகளில் இம்முறை எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இரண்டு பேர் சரிசமமாக நின்று வழக்காடும்போதுதான் சமரசம் பயன்தரும். ஒருவர் மற்றவரைக் கண்டு நடுங்கும் இடத்தில் அது வேறொன்றாக மாறிவிடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்கள் சூழ்ந்த அறையில், அடித்தவன் அருகிலேயே அமர்ந்திருக்க, 'உண்மையைச் சொல்லம்மா' என்று கேட்டால், அன்றிரவு அவள் எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறதோ அதற்கேற்பத்தான் பதில் வரும். பல இடங்களில் அவள் அறைக்குள்ளேயே அழைக்கப்படுவதில்லை. அவளுக்காக அவளுடைய வாப்பா பேசுகிறார். வாப்பாவுக்கோ, வீட்டில் இன்னும் இரண்டு குமர்கள் இருக்கிறார்கள்.

இங்கே சட்டவிதிகளில் உள்ள ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். வழக்கு நடைபெறும்போது நடுவர் மன்றம் இருவரையும் கலந்தாலோசனைக்கு அனுப்பலாம். அதாவது, சட்டமும் பேச்சுவார்த்தைக்கு இடமளிக்கிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டு விதிகளின் 14-ஆம் விதி அதற்கொரு வரம்பு கட்டுகிறது. நிகழ்ந்த வன்முறையை நியாயப்படுத்திப் பேச எதிர்மனுதாரருக்கு அங்கே அனுமதி இல்லை. பேச்சு தொடங்குமுன்பே இதை அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். இனி வன்முறையில் ஈடுபடமாட்டேன் என்ற உறுதிமொழியை அவரிடமிருந்து பெறுவதே கலந்தாலோசனையின் நோக்கம். சமரசம் பேசுவதும் அப்பெண் விரும்பினால்தான். நம் அறையில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'அவன் அடிக்கும் அளவுக்கு நீ என்னம்மா செய்தாய்?' என்பதாகவே இருக்கிறது. விதி எதைப் பேசவே கூடாது என்கிறதோ, அதிலிருந்துதான் நம் விசாரணை தொடங்குகிறது.

நபி (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை உலமாக்கள் அறிவார்கள், அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வைகறைத் தொழுகைக்காக வெளியே வந்த நபியவர்கள், இருட்டில் தம் வாயிலருகே ஒரு பெண் நிற்கக் கண்டு யாரென வினவினார்கள். ஸஹ்லின் மகள் ஹபீபா (ரலி) என்னும் பெண்மணி அவர். தமக்கும் தம் கணவர் ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களுக்கும் இனி ஒத்துவராது என்று முறையிட்டார். கணவர் அடித்ததில் அவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தது என்று மற்றோர் அறிவிப்பு தெரிவிக்கிறது. கணவர் அழைக்கப்பட்டார், மஹராகக் கொடுத்தது திருப்பி அளிக்கப்பட்டது, அவ்விருவரும் பிரிந்தனர். இந்த அறிவிப்பை நான் வாசித்த ஒவ்வொரு முறையும் அந்த விடியல் நேரமே என் நெஞ்சில் தைக்கிறது. ஆள் துணையோடு வா, உன் வாப்பாவை அழைத்து வா, மறு வெள்ளிக்கிழமை வா என்று எவரும் அப்பெண்ணைத் திருப்பி அனுப்பியதாக அதில் இல்லை. பெண்கள் பலர் தம் கணவர்மாரைப் பற்றி நபியவர்களின் இல்லத்தாரிடம் வந்து முறையிட்டபோது, அவ்வாறு நடப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்ற கருத்தில் நபியவர்கள் வெளிப்படையாகக் கண்டித்த செய்தியும் அதே நூலில் உண்டு.

அந்நிஸாவின் 34-ஆம் வசனத்தைக் காட்டி எவரேனும் வினவலாம். அதன் விளக்கத்தை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். நபியவர்கள் தம் வாழ்நாளில் மனைவியரையோ பணியாளரையோ கை நீட்டி அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

இப்போது அமைப்புகளைப் பற்றி. இவை எங்கிருந்து வந்தன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், இவை குடும்பங்களைக் குலைக்க வந்தவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. தில்லியில் சத்யராணி சத்தா, ஷாஜஹான் ஆபா என்று இரு தாய்மார்கள் இருந்தனர். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். இருவருமே வரதட்சணைக் கொடுமைக்குத் தத்தம் மகளைப் பறிகொடுத்தவர்கள். 1979-இல் மகளை இழந்த சத்யராணி நடத்திய வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அவ்விரு தாய்மார்களின் முன்முயற்சியால் 1987-இல் 'சக்தி ஷாலினி' என்ற அமைப்பு தோன்றி, ஆதரவற்று நின்ற பெண்களுக்குப் புகலிடம் அளிக்கலாயிற்று. தம் மகளுக்குத் திறக்காத கதவைப் பிறர் மகளுக்காகத் திறந்து வைத்தவர்கள் அவர்கள். குடும்பத்தின் அருமை அவர்களுக்குத் தெரியாதா?

மும்பையின் பாந்த்ரா பகுதியில் உள்ள பாபா மருத்துவமனையில், மாநகராட்சியும் 'செஹாத்' என்ற ஆய்வு நிறுவனமும் இணைந்து 2000-ஆம் ஆண்டில் 'திலாஸா' மையத்தைத் தொடங்கின. திலாஸா என்றால் ஆறுதல் என்பது உருது அறிந்தவர்களுக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக் கையொடிந்து வரும் பெண்ணிடம், மருத்துவமனைக்குள்ளேயே தனியறையில் வைத்துப் பரிவோடு விசாரிக்கும் ஏற்பாடு அது. காவல் நிலையத்துக்குப் போகத் துணியாதவளும் மருத்துவரிடம் போவாள் அல்லவா? அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்களின் அறிவுநுட்பம் இருக்கிறது. சென்னையில் 2001-இல் தொடங்கப்பட்ட பி.சி.வி.சி. என்னும் அமைப்பு, கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வரும் பெண்களுக்காகவும் பணியாற்றுகிறது. அடுப்பு வெடித்தது என்று பதிவாகும் நேர்வுகளின் பின்னணி வீட்டாருக்கும் அப்பெண்ணுக்கும் மட்டுமே தெரியும். அவள் பிழைத்துக்கொண்டால், எரிந்த முகத்தோடும் மடங்கிய விரல்களோடும் மீண்டும் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் அவளோடு நடக்க ஒருவர் வேண்டும்.

புதுக்கோட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஷரீஃபா கானம் அவர்களின் 'ஸ்டெப்ஸ்' அமைப்பும், 2000-களின் தொடக்கத்தில் அதிலிருந்து எழுந்த முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தும் நம் வட்டாரங்களில் எத்தனை சலசலப்பை உண்டாக்கின என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் என்ற அறிவிப்பைச் சுற்றியே பேச்செல்லாம் சுழன்றது. அதில் உடன்படாதவர்கள் இங்கே பலர் இருக்கலாம். ஆனால் அவர்கள் எழுப்பிய அடிப்படைக் கேள்வி அதுவன்று. ஒரு பெண்ணின் வாழ்வைப் பற்றிய முடிவை, அவள் நுழைய முடியாத அறையில் எப்படி எடுக்கலாம் என்பதே அக்கேள்வி. என் கருத்தில், அதற்கு ஜமாஅத்துகள் இன்றுவரை தக்க விடை அளிக்கவில்லை.

இவ்வமைப்புகளின் அன்றாடப் பணி எப்படியிருக்கும்? இரவு பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு வருகிறது. எடுப்பவர் முதலில் அறிவுரை சொல்வதில்லை. 'இப்போது பேச முடிகிறதா? அவர் வீட்டில் இருக்கிறாரா? குழந்தைகள் எங்கே?' என்றே கேட்பார். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே காவல்துறை. இல்லையேல், எப்போது, எப்படி, எதை எடுத்துக்கொண்டு வெளியேறுவது என்ற திட்டம். குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், திருமணச் சான்று, மாற்றுடை. வெளியேற வேண்டாம் என்று அவள் முடிவு செய்தால் அதையும் மதிப்பார்கள். எத்தனை முறை திரும்பிப் போனாலும், மீண்டும் அழைத்தால் மீண்டும் எடுப்பார்கள். இந்தப் பொறுமை நமக்கு வாய்ப்பது அரிது. 'சொன்ன பேச்சைக் கேட்காமல் அவனிடமே போனாளே' என்று ஒரே தடவையில் கை கழுவிவிடுவோம்.

அரசும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மகளிர் காவல் நிலையங்கள் பரவின. சமூகநலத்துறையின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற உதவி எண் இருக்கிறது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கும். ஆனால் அங்கே தங்கக்கூடியது பொதுவாக ஐந்து நாள். ஆறாம் நாள் அவள் எங்கே போவாள்? நீண்டகாலம் தங்க அரசின் 'சக்தி சதன்' இல்லங்கள் உள்ளன. ஆனால் அவை எல்லா ஊர்களிலும் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. குழந்தையின் பள்ளி மாறுகிறது. வாடகைக்கு வீடு கேட்டால் 'ஆம்பிளைத் துணை இல்லையா?' என்கிறார்கள். மனுவைப் பெற்ற மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 12-ஆம் பிரிவு கூறுகிறது. நீதிமன்றத்தில் அது எவ்வளவு நீள்கிறது என்பதை நாள்தோறும் காண்பவன் நான். அந்த ஆறாம் நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான், வேறு வழியின்றி அவள் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். தொண்டு அமைப்புகள் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடைக்காலத்தையே. ஜமாஅத்தின் துணை தேவைப்படுவதும் இங்கேதான்.

நம் கடற்கரை ஊர்களில் காயல்பட்டினம், கீழக்கரை போன்றவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழும் வழக்கம் இருக்கிறது. அதனால் வரும் சுமையைப் பற்றிப் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தனி வருத்தங்கள் உண்டு. அது வேறு பேச்சு. ஆனால் 'வெளியே போ' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அந்த வழக்கம் இல்லாத நம் போன்றோருக்குச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத்தான் செய்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், கூடி வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீடாயினும் அது கூடி வாழ்ந்த வீடாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவுபடுத்தியது.

மறுப்புகளுக்கு வருகிறேன். 'நம் வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு போனால் சமுதாயத்தின் பெயர் கெடாதா?' என்று கேட்கிறார்கள். இன்றைய சூழலில் இந்த அச்சம் வெறும் சாக்குப்போக்கு அன்று. அதை நான் உணர்கிறேன். முத்தலாக் குறித்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கணவனைச் சிறைக்கு அனுப்புகிறது. அதைப் பற்றிய நம் மனக்குறை நீங்கியபாடில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானது. அடிப்படையில் உரிமையியல் தன்மை கொண்டது. பாதுகாப்பு, குடியிருப்பு, பணவுதவி, குழந்தைகளின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றுக்கான ஆணைகளையே அது வழங்குகிறது. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. குற்ற வழக்காகத் தொடுப்பதாயின் அது பழைய 498-ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான், 'மாப்பிள்ளையை உள்ளே தள்ளிவிடுவார்கள்' என்று பெற்றோரே மகளைத் தடுக்கிறார்கள். பொய் வழக்குகள் இல்லையா என்றால், உண்டு. எந்தச் சட்டத்தில்தான் இல்லை? அதைப் பிரித்தறிய நீதிமன்றம் இருக்கிறது.

அந்த வேலை நம்முடையதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபத்வாக்களுக்குச் சட்ட வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போன்ற அமைப்புகள் இயங்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குலா கோரும் பெண் குடும்பநல நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும், தனியார் மன்றங்களின் சான்றிதழ் செல்லாது என்று 2023-இல் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லுரை கூறலாம், நல்லிணக்கம் பேசலாம், தீர்ப்பு வழங்க முடியாது. இதை இழப்பாகக் கருதாமல், தீர்ப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பணிகளில் நம் ஆற்றலைச் செலுத்தலாம்.

எவ்வாறு என்பதைச் சொல்கிறேன். செலவே இல்லாதது முதலில். நிக்காஹ் தஃப்தர் நம்மிடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி அரசிடமும் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும், முன்பு நடந்த பல திருமணங்களுக்கு நம் ஏடே சான்று. அதன் நகலைக் கேட்டு வரும் பெண்ணிடம், 'இரு தரப்பும் வரட்டும், பேசிவிட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் பழக்கம் பல மஹல்லாக்களில் இருக்கிறது. அந்த ஒரு தாளுக்காகப் பாதுகாப்பு மனுவும் ஜீவனாம்ச மனுவும் வாரக்கணக்கில் தடைப்பட்டு நிற்கின்றன. அவள் கேட்ட அன்றே, கணவரின் இசைவைக் கேளாமல், காரணமும் வினவாமல், முத்திரையிட்ட நகலைக் கொடுத்துவிட வேண்டும். மஹரும் நகை விவரமும் எழுதப்பட்டிருந்தால் அப்பக்கத்தையும் சேர்த்தே.

அடுத்தது பணம். கட்டடம் கட்டக் கொடுப்போம். கல்வெட்டில் பெயர் வரும். இவ்வமைப்புகளுக்குத் தேவைப்படுவதோ, நள்ளிரவு ஆட்டோக் கட்டணம், குழந்தைக்குப் பால்மாவு, வீட்டு முன்பணம், ஆலோசகரின் மாதச் சம்பளம் போன்ற, கல்வெட்டில் ஏறாத செலவுகள். வெளிநாட்டு நிதியைப் பெறும் பெரிய நிறுவனம் அதைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழியை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அடைத்துவிட்டது. அதன்பின் உள்ளூர் நன்கொடையின் தேவை முன்னிலும் மிகுந்துள்ளது. கையில் காசின்றி வெளியேறி வரும் பெண்ணுக்கு ஸகாத்திலிருந்து கொடுக்கலாமா, அமைப்பின் நிர்வாகச் செலவுக்கு ஸதகாவிலிருந்து கொடுப்பதா என்பதை நம் இமாம் அவர்களிடம் கேட்டுப் பைத்துல்மால் குழு முடிவு செய்யட்டும். ஆனால் ஒரு வேண்டுகோள். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். காப்பகத்தின் முகவரியையும் கேட்காதீர்கள். நம்மில் ஒருவர் அறிந்தால், மஃரிபுக்குள் அவள் கணவரும் அறிவார். உதவி பெறுவோர் நம் சமுதாயத்தவரா என்று வினவுவதும் வேண்டாம். ஷாஜஹான் ஆபா வினவவில்லை.

மூன்றாவது, ஆட்கள். சட்டத்தின் 10-ஆம் பிரிவின்கீழ்ச் சேவை அளிப்போராகப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம், நிகழ்ச்சி அறிக்கையைப் பதியவும், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பவும், தங்குமிடம் பெற்றுத் தரவும் அதிகாரம் உடையது. நம் பெண்களுள் படித்த நால்வர் அத்தகைய நிறுவனத்திடம் பயிற்சி பெறட்டும். மதரஸாவின் பின்கட்டு அறையில், திங்கள்தோறும் லுஹருக்குப் பின் அவர்கள் அமரட்டும். வருபவள் ஆண்களின் அலுவலகத்துக்கு ஏறாமலேயே பேசலாம். அவர்களுக்கோ, அக்கம்பக்கத்து அலறல் கேட்டுத் தகவல் தருபவருக்கோ அஞ்ச வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் அளிப்பவர்மீது எவ்வழக்கும் பாயாது என்று 4-ஆம் பிரிவு காப்பளிக்கிறது.

தடுப்பதைப் பற்றியும் ஒன்று. மாப்பிள்ளையின் மஹல்லாவிலிருந்து நாம் பெறும் ஜமாஅத் கடிதத்தில் என்ன இருக்கிறது? சந்தா பாக்கி இல்லை என்பது இருக்கிறது. முன்பு மணமுடித்தவளை அடித்து விரட்டியவரா என்பது இருப்பதில்லை. கைஸின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களைப் பெண் கேட்டவர்களுள் ஒருவர் பெண்களை அடிப்பவர் என்பதை நபியவர்கள் அப்பெண்மணியிடமே வெளிப்படையாகச் சொல்லி, வேறொருவரை மணக்க ஆலோசனை கூறினார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் மனம் நோகுமே என்று நாம் விழுங்கிவிடும் செய்தி அது. முந்தைய மணமுறிவு, அதன் காரணம், நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவற்றுக்குக் கடிதப் படிவத்தில் இடம் ஒதுக்கலாம். பக்கத்து மஹல்லாக்களும் இசைந்தால் வட்டார அளவில் ஒரே படிவமாக ஆக்கலாம்.

நிக்காஹ் நகல், பைத்துல்மால் ஒதுக்கீடு, திங்கட்கிழமை அறை, புதிய கடிதப் படிவம் ஆகிய நான்கையும் தீர்மான வடிவில் எழுதி முத்தவல்லி அவர்களிடம் கொடுத்துள்ளேன். பொதுக்குழு விவாதித்து, வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்ளலாம். நான்கில் ஒன்றை மட்டுமே இன்று நிறைவேற்ற நேரமிருக்கிறது என்றால், முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், ஏடு அலமாரியில்தான் இருக்கிறது. வஸ்ஸலாம்.